கொடி ஏறிய பிறகு என்ன ஆச்சு?

கடையை இழுத்து மூடிய பிறகு ஆறு மாதம், சாயங்காலம் ஆனால் வேலூர்க் கோட்டை அகழி ஓரம் போய் உட்கார்ந்துவிடுவேன். கையில் ஏதாவது சரித்திரப் புத்தகம். தலைமைப் பண்பு கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். படித்த விதம்தான் தப்பு.

பெரிய தப்பு, ஜெயித்த பக்கத்தோடு புத்தகத்தை மூடுவது. 1806 ஜூலை 10, விடியுமுன் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து இந்தக் கோட்டையைப் பிடித்து, திப்பு சுல்தானின் மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள். மேடையில் பேசுகிறவர்கள் இங்கேயே கைதட்டல் வாங்கி இறங்கிவிடுவார்கள். பொழுது விடிந்த பிறகுதான் பாடமே இருக்கிறது. பலர் கொள்ளையில் இறங்கிச் சிதறிப்போனார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேய அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்த படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு சுமார் 25 கிலோமீட்டர் பாய்ந்து வந்தார். பீரங்கி கதவைப் பிளந்தது. அன்றைக்கே கோட்டை கைமாறியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். அந்தத் துணிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். என் கதை வேறு: திறப்பு விழா சீரியல் பல்பு வரை யோசித்தவன், மூன்றாம் மாத வாடகையை யோசிக்கவில்லை.

ஜெயித்தவரெல்லாம் நல்ல தலைவர் என்று நினைப்பதும் தப்பு. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை கட்டு என்று உத்தரவு போட்டு இந்தக் கலகத்தைக் கிளப்பிவிட்டவர், ஜெயித்த ஆங்கிலேயரின் சென்னைப் படைத் தளபதி கிரடாக். மே மாதமே சிப்பாய்கள் மறுத்தார்கள். கிடைத்தது கசையடி. முறையீட்டைக் காதில் வாங்காத கிரடாக்கையும் சென்னை கவர்னர் பெண்டிங்கையும் பிறகு லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

அடுத்தவர் வலியை எடுத்து நம் வலியை அளப்பது இருக்கிறதே, அதுதான் என்னைப் படுத்தியது. “மேரி வர்கீஸைப் பாருப்பா, நடக்க முடியாமலே ஆபரேஷன் பண்ணாங்க. உனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு?” என்றார் பெரியப்பா. நல்ல மனசுதான், ஆனால் அன்றிரவு தூக்கம் போனது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை டாக்டரான மேரி வர்கீஸுக்கு 1954-ல் நடந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உட்கார்ந்தே செய்யக்கூடிய அந்த வேலைக்கு அவரை ஊக்கப்படுத்தியவர் உடன் பணியாற்றிய அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட். மனவுறுதியை மட்டும் சொல்லி, கைகொடுத்தவரை விட்டுவிடுகிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு காட்பாடியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில் வட்டம் போட்டார்.