ஆங்கில ‘வீ’ வழியாக மலையாளத்துக்குப் போகாதீர்கள்: நான், நாம், நாங்கள் சொல்லும்போது எல்லையோரத்தில் நடக்கும் தவறுகள்

பக்கத்து வீட்டுச் சிறுமி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் பாதிக்குப் பாதி மலையாளம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இது நிறைய வீடுகளில் உள்ளதுதான். போன ஓணம் விடுமுறையில் அவர்கள் குடும்பத்தோடு மலம்புழா அணைக்குக் கிளம்பினார்கள். எதிர்வீட்டுச் சேச்சியையும் (மலையாளத்தில் அக்கா) கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஓடிப்போய்ச் சொன்னாள்: “சேச்சி, ஞங்ஙள் மலம்புழைக்கு போகுகயாணு.” சேச்சி அவள் கன்னத்தைத் தட்டி, “போயிட்டு வா மோளே” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். வண்டி கிளம்புகிற வரை சிறுமி எதிர்வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேச்சி மேல் தப்பில்லை. ‘ஞங்ஙள்’ என்றால் நாங்கள். கேட்கிறவர் அதில் சேரமாட்டார். அவள் சொல்லியிருக்க வேண்டியது, “நமுக்கு மலம்புழைக்கு போகாம் சேச்சி.” இதையே தமிழில் சொல்லியிருந்தால் ‘நாம போலாம்’ என்று தானாக வந்திருக்கும். அப்புறம் அவளுடைய மலையாள நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ‘ஞங்ஙள் – வீ’ என்று ஒரு வரி, ‘நம்மள் – வீ’ என்று அடுத்த வரி, இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. இரண்டுக்கும் பொருள் ஒன்று என்று பிள்ளை நம்பிவிட்டால் எதை வேண்டுமானாலும்தானே சொல்லும்?

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் மொழிப்பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தன்மைப் பெயர்களில், அதாவது நம்மை நாமே குறிக்கும் சொற்களில், வருகிற தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. தமிழிலிருந்து நேரே மலையாளத்துக்கோ தெலுங்குக்கோ போகவேண்டிய பிள்ளை, நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டு வருகிறது.

தமிழில் நாம், நாங்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். தெலுங்கில் மனமு, மேமு. மூன்றிலும் முதற்சொல் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், இரண்டாவது சேர்க்காது. இது திராவிட மொழிகளின் பழைய சொத்து. நம் பழந்தமிழில் நாம், யாம் என்று இருந்தது. கன்னடம் மட்டும் இந்தப் பிரிவை விட்டுவிட்டு ‘நாவு’ என்ற ஒரே சொல்லோடு நிற்கிறது. மராத்தியும் குஜராத்தியும் வேறு குடும்பம் என்றாலும் அவற்றில் இந்த வேறுபாடு உண்டு. அது திராவிட மொழிகளோடு பழகியதால் வந்தது என்பது மொழியியலாளர்கள் சொல்லும் விளக்கம். மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், மலாயில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இது கிடையாது. ஆக, தமிழ்ப் பிள்ளைக்கு மலையாள வகுப்பில் ஏற்கெனவே கையில் இருக்கும் ஒன்றைத்தான் ‘வீ’ என்று எழுதி நாம் பறித்துவிடுகிறோம். நோட்டில் ‘ஞங்ஙள் – நாங்கள்’, ‘நம்மள் – நாம்’ என்று தமிழில் எழுதிக்கொடுத்தால் போதும். விளக்கமே தேவைப்படாது.

தமிழ் வழியாகப் போனாலும் சறுக்குகிற இடங்கள் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ‘வராம்’. மின்சார வேலைக்கு ஒருவரைக் கூப்பிட்டிருந்தார் எங்கள் தெருப் பாட்டி ஒருவர். மோட்டார் ஓடாமல் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. வேலைக்காரர் போனில் “ஞான் நாளெ ராவிலே வராம்” என்றார். பாட்டி போனை வைத்துவிட்டு, “வரலாம்னு இழுக்கிறான், வரமாட்டான்” என்று சொல்லி வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு பேரும் பையோடு வாசலில் நின்றார்கள். மலையாளத்தில் ‘ஞான் வராம்’ என்பது வாக்கு. ‘வந்துவிடுகிறேன்’ என்று பொருள். ‘ஞான் தராம்’ என்றால் தருகிறேன், ‘ஞான் பறயாம்’ என்றால் சொல்கிறேன். தமிழ் ‘வரலாம்’ போல அதில் ஐயம் கிடையாது. ‘ஞான்’ என்ற இடத்தில் ‘எனிக்கு’ வந்தால்தான் பொருள் மாறும். ‘எனிக்கு போகாம்’ என்றால் நான் போகலாம், எனக்குத் தடையில்லை. ‘நமுக்கு போகாம்’ என்றால் வாருங்கள், சேர்ந்து போவோம். வினையின் முடிவு மூன்றிலும் ஒன்றுதான், முன்னால் நிற்கும் தன்மைச் சொல்தான் வாக்கா, அனுமதியா, அழைப்பா என்று காட்டுகிறது. ஒரு தமிழர் மலையாளத்தில் வேறு எதைக் கற்காவிட்டாலும் இந்த மூன்றைக் கற்றுக்கொண்டால் பாதி மனக்கசப்பு குறையும் என்பது என் அனுபவம்.

அடுத்தது ‘ஞான் வந்நேன்’. இதை ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறேன். தமிழில் வந்தேன், வந்தோம், வந்தான் என்று வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும். மலையாளத்தில் அந்த வால் பழைய இலக்கியத்தோடு போய்விட்டது. ஞான் வந்நு, ஞங்ஙள் வந்நு, அவன் வந்நு, எல்லாமே ‘வந்நு’தான். பிள்ளைகள் ‘வந்நேன்’ என்று சொல்வதைச் சேச்சிமார் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார்கள். அதைவிடச் சங்கடமானது, தமிழ்ப் பழக்கத்தில் பெயரையே விட்டுவிடுவது. ‘வந்துட்டேன்’ என்று தமிழில் ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பலாம். அதே பழக்கத்தில் ‘வந்நு’ என்று மட்டும் அனுப்பினால் யார் வந்தது என்று எதிரில் இருப்பவர் சூழ்நிலையை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். யார் என்று தெளிவாக இல்லாதபோது ‘ஞான்’ சேர்த்துவிடுங்கள்.

‘தான்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘தான்’ படர்க்கை: அவன் தான் சொன்னதை மறந்துவிட்டான். தெலுங்கு ‘தானு’வும் அதே பக்கம்தான். மலையாளத்தில் எதிரே நிற்பவரைப் பார்த்து ‘தான்’ என்றால் நீ. அதுவும் சமவயதுக்காரர்கள், நெருங்கியவர்கள் சொல்லிக்கொள்ளும் நீ. வயதில் பெரியவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ சொன்னால் மரியாதைக் குறைவு. ‘தான் எவிடெயாணு?’ என்று ஒருவர் கேட்டால் ‘யார் எங்கே?’ என்று திருப்பிக் கேட்காதீர்கள், உங்களைத்தான் கேட்கிறார்.

‘அடியேன்’ பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அது பக்தியும் பணிவும் கலந்த சொல். வைணவக் குடும்பங்களில் பெரியவர்கள் முன்னால் இன்றும் இயல்பாகச் சொல்கிறார்கள். கேரளத்தில் ‘அடியன்’ என்ற சொல்லுக்கு வேறு நினைவு இருக்கிறது. சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் மேல்சாதிக்காரர் முன்னால் ‘ஞான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ‘நான்’ என்று சொல்லும் உரிமையையே ஒரு கூட்டத்துக்கு மறுத்த சொல் அது. விளையாட்டுக்கும்கூட மலையாள நண்பரிடம் ‘அடியன்’ போட்டுப் பேசாதீர்கள்.

தெலுங்குக்கு வருவோம். எங்கள் சித்தூர் தாலுகாவில், ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் போலவே வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. திருத்தணி, நகரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் பழக்கம். தமிழில் வீட்டுக்கு அழைக்கும்போது ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்போம். வீடு எங்களுடையது, ஆனாலும் வருகிறவரையும் சேர்த்துக்கொள்ளும் அன்பு அதில் இருக்கிறது. அதை அப்படியே ‘மன இன்ட்டிக்கி’ என்று மாற்றினால், கேட்பவருக்கும் பங்குள்ள வீடு போல ஒலிக்கும். அழைப்புக்கு ‘மா இன்ட்டிக்கி ரண்டி’ என்பதே அங்கே இயல்பு. ‘மா’ என்பது எங்கள், ‘மன’ என்பது நம், ‘நா’ என்பது என். ‘நாக்கு தெலுசு’ என்று கேட்டால் நாக்கைப் பற்றிய பேச்சில்லை, ‘எனக்குத் தெரியும்’ என்கிறார்கள்.

எனக்குத் தெரியும், எனிக்கு அறியாம், நாக்கு தெலுசு. மூன்று மொழியும் ஒரே கட்டில் நிற்பதைக் கவனியுங்கள். பசியும் விருப்பமும் அப்படியே: எனக்கு வேண்டும், எனிக்கு வேணம், நாக்கு காவாலி. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஐ’ முன்னால் வந்து அறிகிறது, விரும்புகிறது. ஆங்கிலம் வழியாகப் படித்த பிள்ளை ‘ஞான் வேணம்’ என்று எழுதுகிறது. அதற்கு ‘நான் வேண்டும்’ என்று பொருள் வந்துவிடும். தமிழில் யோசித்திருந்தால் இந்தத் தவறுக்கு இடமே இல்லை.

ஆங்கிலத்தின் நிழல் தமிழிலும் விழுகிறது. எல்லையில் ஒரு கடைப் பலகையில் ‘நாம் உங்களுக்குச் சிறந்த சேவை அளிக்கிறோம்’ என்று பார்த்தேன். ‘நாம்’ என்றால் உங்களையும் சேர்த்தல்லவா? நம்மைச் சேர்த்துக்கொண்டு நமக்கே எப்படிச் சேவை செய்வார்கள்? அந்த இடத்தில் ‘நாங்கள்’தான் சரி. பள்ளிக் கட்டுரைகளில் இன்னொன்று: ‘நான் காலையில் எழுந்தேன். நான் பல் துலக்கினேன். நான் பள்ளிக்குப் போனேன்.’ வினையிலேயே ‘நான்’ இருக்கிறது, முதல் வரிக்கு ஒன்று போதும். வாசிக்கும்போது மற்ற இரண்டும் காதைக் குத்துகின்றன.

இந்தப் பக்கம் பெரியவர்கள் ‘நமக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்’ என்று தன்னை மட்டும் குறித்துப் பேசுவதுண்டு. அது தவறில்லை, தன்னை முன்னால் நிறுத்தாமல் பேசும் வழக்கம். பிள்ளைகளை அதற்காகத் திருத்தாதீர்கள்.

கடைசியாக, ஆங்கிலம் பேசும்போது. ‘மைசெல்ஃப் குமார்’ என்று அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கத்தை விட்டுவிடலாம், ‘ஐ ஆம் குமார்’ போதும். தமிழில் ‘நானும் அவனும்’ என்று தன்னை முதலில் சொல்வது சரிதான், ஆங்கிலத்தில் மற்றவரை முன்னால் வைத்து ‘ஹீ அண்டு ஐ’ என்பார்கள். ‘பிட்வீன் யூ அண்டு ஐ’ என்று எழுதாதீர்கள், அங்கே ‘மீ’ வரவேண்டும். எங்க அம்மா, எங்க வீட்டுக்காரர் என்ற பழக்கத்தில், ‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கில ‘அவர்’ போட்டு ‘அவர் மதர்’, ‘அவர் ஹஸ்பண்ட்’ என்று சொல்லிவிடாமல் ‘மை’ போடுங்கள். ‘நான்’ என்ற பொருளில் ‘ஐ’ எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. பழைய ஆங்கிலத்தில் நீளமாக இருந்த சொல் தேய்ந்து ஒற்றை எழுத்தாகி, சின்னதாக எழுதினால் கண்ணில் படாமல் போவதால் பெரிதாக எழுதும் வழக்கம் வந்தது என்று சொல்வார்கள்.

‘வீ’ மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. அது நாமா, நாங்களா என்று சொல்லாததால், ஆங்கிலத்தில் நாம் கூடுதலாக ஒரு சொல் போடவேண்டும். ‘லெட்ஸ் கோ’ என்றால் சந்தேகமில்லை, அது நமுக்கு போகாம். ‘லெட் அஸ் கோ’ என்று பிரித்துச் சொன்னால் எங்களைப் போகவிடுங்கள் என்றும் பொருள்படும். சிறுமிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, சேச்சியிடம் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்டிருக்கலாம் என்று எழுதச் சொன்னேன். ‘வீ ஆர் கோயிங் டு மலம்புழா’ என்று எழுதிவிட்டுச் சற்று யோசித்தாள். அப்புறம் அடுத்த வரியில் ‘ப்ளீஸ் கம் வித் அஸ், சேச்சி’ என்று சேர்த்தாள்.