வீட்டுப் பவளத் தொட்டிக்கு சம்ப் அமைக்குமுன் போட வேண்டிய கணக்கு

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் வைக்கும் வடிகட்டும் தொட்டிதான் சம்ப்; மேலிருந்து வழியும் நீர் அதில் சுத்தமாகி, பம்ப் வழியாக மீண்டும் மேலே போகும். சென்னை கொளத்தூரில் கண்ணாடித் தொட்டி செய்பவர்களிடம் நீளம், அகலம், உயரம் சொன்னால் சம்ப் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த மூன்று அளவுகளையும் முடிவு செய்யும் பொறுப்பு வாங்குபவருடையது. ஸ்டாண்டுக்குள் எது நுழையுமோ அதையே அளவாகக் கொள்பவர்கள் பலர் உள்ளனர். கரண்ட் போனால் மேலிருந்து எத்தனை லிட்டர் கீழே இறங்கும் என்பதைக் கணக்கிட்ட பிறகே மற்ற எதையும் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட தொட்டியை, அதாவது 122 செ.மீ., 46 செ.மீ. உடையதை, எடுத்துக்கொள்வோம். அதில் நீர்மட்டம் ஒரு செ.மீ. குறைந்தால் ஏறக்குறைய 5.6 லிட்டர் இறங்கிவிட்டது என்று பொருள். பம்ப் நின்றதும், தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய், தன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும்வரை தண்ணீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 17 லிட்டரும், 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 56 லிட்டரும் இறங்கும். மேலே வழியும் நீரைக் கீழே அனுப்பும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் நீருக்கு மேலும் 10 லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம். 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள சம்ப்பில் 24 செ.மீ. வரை தண்ணீர் ஓடுகிறது என்றால், முதல் நிலையில் மட்டம் 32 செ.மீ.-இல் நின்றுவிடும், இரண்டாவது நிலையில் 43 செ.மீ. இடம் தேவைப்படுவதால் மிச்சம் தரையில்தான் ஓடும். குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிக் காற்று புகச் சிறு துளை போட்டு இதைத் தடுப்பது வழக்கம் என்றாலும், உப்பும் பாசியும் அந்தத் துளையை அடைத்துவிடும். நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வில் ஒரு சிறு நத்தை சிக்கினாலே அது மூடாது. ஆகவே இவை இரண்டும் வேலை செய்யாவிட்டாலும் சம்ப் தாங்கும்படி கணக்கு இருக்க வேண்டும்.

அறைகளைப் பொறுத்தவரை, தண்ணீர் வந்து விழும் முதல் அறையில் 200 மைக்ரான் வடிகட்டிப் பையும், அடுத்ததில் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும், கடைசியில் நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பும் இருப்பது போதுமான அமைப்பு. ஸ்கிம்மர் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். தடுப்புக் கண்ணாடியின் உயரத்தை அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்கள். நுரை சேரும் கோப்பையைக் கழற்றி எடுக்க மேலே இடம் விடவும் மறக்க வேண்டாம். பம்ப் அறைக்கு முன்பு 3 செ.மீ. இடைவெளியில் மூன்று கண்ணாடிகளை மேல், கீழ், மேல் என ஒட்டினால் காற்றுக்குமிழிகள் அங்கேயே பிரிந்துவிடும்.

கடைசி அறையைச் சிறியதாக்கிவிடாதீர்கள். ஆவியாகிக் குறையும் நீரின் அளவு அங்கு மட்டுமே தெரியும். 25 செ.மீ. நீள அறையில் ஒரு செ.மீ. என்பது ஒரு லிட்டர்கூட இல்லை; கோடையில் தினமும் சில லிட்டர் குறைந்தால் பம்ப் விரைவில் காற்றை இழுக்கத் தொடங்கும். உப்பு ஆவியாகாது என்பதால் குறைந்த நீருக்கு ஈடாக உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரையே சேர்க்க வேண்டும். போர் தண்ணீர் உதவாது.

சம்ப்பின் வழியே ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு நீர் சுற்றினால் போதும். பவளங்களுக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் என்ற நீரோட்டக் கருவி தரட்டும். பம்ப்பின் பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு உயரம் ஏறும்போது வெகுவாகக் குறையும் என்பதால் சற்றுப் பெரியதாகவே வாங்க வேண்டும். வால்வுகள் அனைத்தும் பி.வி.சி.யாகவே இருக்கட்டும்; ஹார்டுவேர் கடையில் எளிதில் கிடைக்கும் பித்தளையில் செம்பு உண்டு, அது பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு.

நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சம்ப்பின் மேல் மின்விசிறி வைத்தால் சூடு குறையும். ஆனால் இராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரம் மிகுந்த நாட்களில் அதன் பலன் குறைவு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வைப்பதானால் வெப்பக் காற்று வெளியேற வழியில்லாத ஸ்டாண்டுக்குள் அடைக்காமல் வெளியே இடம் ஒதுக்குங்கள்.

உப்பு கலப்பதற்கு முன் சாதாரணத் தண்ணீரை நிரப்பி ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இறங்கிய நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சம்ப்பின் கண்ணாடியில் அழியாத மையால் ஒரு கோடும், ஓடும்போது தாண்டக்கூடாத மட்டத்துக்கு இன்னொரு கோடும் போட்டுவையுங்கள். குழாயில் போட்ட சிறு துளையை விரலால் அடைத்துக்கொண்டு அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். அப்போதும் தரை நனையவில்லை என்றால் உப்பு கலக்கலாம்.