நாலைந்து நாள் சவாரிக்குக் குதிரையைத் தயார்செய்ய

ராஜஸ்தானில் மார்வாரிக் குதிரையில் நாலைந்து நாள் தொடர் சவாரி போகத் திட்டமா? மூன்று மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் உறுதிப்படும். 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று அவசரப்பட்டால் கால் வீங்குவது இதனால்தான். முதல் மாதம் பெரும்பாலும் நடை மட்டும், பிறகு ட்ராட் (நடையைவிட வேகமான மெல்லோட்டம்). தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்.

ஓய்வில் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்து எண்ணலாம். சவாரி முடிந்து கால் மணி நேரமாகியும் 64-க்குக் கீழே இறங்கவில்லையா? அன்றைய வேலை அதிகம்.

கடைசி வாரங்களில், பயணத்துக்குரிய அதே சேணம், அதே சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் முதுகை அழுத்தும்போது நெளிந்தால், முதலில் சேணத்தைச் சந்தேகியுங்கள். லாடத்தைக் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அடித்துவிடுங்கள்.