விசிடி இருக்கிறதே என்று கண் அசரலாமா? 76 நொடிக் கணக்கு

ரயில் என்ஜினில் உள்ள விசிடி என்கிற விழிப்புக் கருவி, ஓட்டுநர் தூங்கினால் வண்டியை நிறுத்திவிடும் என்று புதிதாக வரும் உதவி லோகோ பைலட்டுகள் (உதவி ஓட்டுநர்கள்) நம்புகிறார்கள். நிறுத்தும்தான், எங்கே போய் நிறுத்தும் என்று பாருங்கள்.

எதையும் தொடாமல் 60 நொடி போனால் மஞ்சள் விளக்கு. 8 நொடி கழித்து பஸ்ஸர். மேலும் 8 நொடி சும்மா இருந்தால் டிராக்‌ஷன் (என்ஜின் இழுக்கும் சக்தி) போய் அவசர பிரேக் விழும். மொத்தம் 76 நொடி. 110 கி.மீ. வேகத்தில் அதற்குள் 2.3 கி.மீ. ஓடிவிடுவீர்கள். நிலையத்துக்கு வெளியே உள்ள ஹோம் சிக்னலைப் பற்றி இரண்டு முறை முன்கூட்டியே எச்சரிக்கும் டபுள் டிஸ்டன்ட் சிக்னல்கள் உள்ள செக்‌ஷனில் முதல் டிஸ்டன்ட், ஹோமுக்கு 2 கி.மீ. முன்னால் நிற்கிறது. அதற்குச் சற்று முன் கண் சொருகினால், பிரேக் விழும்போது ஹோமையே தாண்டியிருப்பீர்கள். நிற்கும் தூரம் அதற்கு மேல் தனி. மயங்கி விழுந்தவருக்குத்தான் இந்தக் கருவி உதவும்.

என்ஜினைப் பொறுப்பேற்கும்போது லாக் புக்கில் விசிடி துண்டிக்கப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டபிள்யூஏஜி-9, டபிள்யூஏபி-7 மின்சார என்ஜின் வகைகளில் எஸ்பி-1 பெட்டியிலுள்ள 237.1 சுவிட்ச் 1-ல் இருக்க வேண்டும். 0 என்றால் கருவி இல்லை என்றே கொள்ளுங்கள். எதைத் தொட்டால் 60 நொடி புதிதாகத் தொடங்கும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய வகைக் கருவியில் காலால் ஒரு பெடலை அழுத்தியபடியே இருக்க வேண்டும், விட்டால் பிரேக் விழும். 2003-ல் ஆஸ்திரேலியாவின் வாட்டர்ஃபாலில் ஓட்டுநர் மாரடைப்பில் சரிந்தும் காலின் பாரத்தில் பெடல் அழுந்தியே கிடந்தது. வண்டி தடம் புரண்டு ஏழு பேர் இறந்தார்கள். விசிடி போல இடைவெளி விட்டு அழுத்தச் சொல்லும் கருவி அந்த ஓட்டையை அடைக்கிறது. ஆனால் இதற்கும் கால் பழகிவிடும். கண் திறந்திருக்கும், மூளை தூங்கும், கால் தன்பாட்டுக்கு மிதிக்கும்.

அதனால் பெடலைத் தாளம் போல மிதிக்காதீர்கள். முடிந்தவரை கைப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தும்போது அடுத்து வரும் சிக்னலை வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் இருமுறை விளக்கு எரிய விட்டுவிட்டால் அசதி ஏறிவிட்டது என்று அர்த்தம். எழுந்து நின்று, ஜன்னலைத் திறந்து, உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

உதவியாளருக்கு: விளக்கைப் பார்த்தால் நீங்களே பொத்தானைத் தட்டி அணைத்துவிடாதீர்கள். "சார், அடுத்து என்ன சிக்னல்?" என்று கேளுங்கள். பதிலுக்கு வெறும் "ம்ம்" வந்தால் தோளைத் தொட்டு எழுப்புங்கள். சிவப்பு நெருங்கியும் வேகம் குறையாவிட்டால் உங்கள் பக்கத்து அவசர பிரேக் வால்வைத் திறந்துவிடுங்கள். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வை நன்றாகக் கணக்கிடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெளியூரில் 8 மணி, உங்கள் சொந்தத் தலைமையிடத்தில் 16 மணி ஓய்வு. அந்த எட்டில் குளியல், சாப்பாடு, அடுத்த டியூட்டிக்கான அழைப்பு எல்லாம் கழிந்தால் தூக்கம் ஐந்து மணிதான் மிஞ்சும். ரன்னிங் ரூமுக்கு (ஓட்டுநர் ஓய்வறைக்கு) போனதும் கொஞ்சமாகச் சாப்பிட்டு முதல் மணிக்குள்ளேயே படுங்கள். கைப்பேசியைத் தொட்டால் அரை மணி போச்சு. இரவு டியூட்டிக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். எழுந்த முதல் 20, 30 நிமிடம் மூளை மந்தமாகவே இருக்கும். அதற்குள் த்ராட்டிலை (வேகக் கைப்பிடியை) பிடிக்க நேராதபடி அலாரம் வையுங்கள். தேநீர் வேலை செய்ய அரை மணி ஆகும், ஆகவே 3 மணிக் கொட்டாவிக்குக் காத்திராமல் 2 மணிக்கே குடித்துவிடுங்கள்.

விசிடி போடும் அந்த அவசர பிரேக் (பெனால்டி பிரேக்) விழுந்துவிட்டால் வண்டி நிற்கட்டும். த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உங்கள் என்ஜினுக்குரிய நேரம் முடிந்த பிறகே ரீசெட் அழுத்துங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் ஏற்காது. பிரேக் பைப்பின் காற்றழுத்தம் 5 கிலோவுக்கு ஏறிய பின் கிளம்பி, நடந்ததை லாக் புக்கில் எழுதுங்கள்.