திருமலையிலிருந்து கடலடித் தொல்லியல் முதுகலைக்கு: எங்கே தொடங்குவது?

திருகோணமலைக் கோணேசர் கோயில் மலையடிவாரத்தில் கடலுக்குள் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடக்கின்றன என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர், அதையே படிப்பாக எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் தொல்லியல், அப்புறம்தான் சுழியோட்டம். 1960இல் துருக்கியின் கெலிடோனியா முனையருகே வெண்கலக் காலக் கப்பலொன்றை அகழ்ந்த ஜோர்ஜ் பாஸ் அப்போது ஆய்வு மாணவர். அந்த வேலைக்காகத்தான் அவர் சுழியோடவே பழகினார்.

படி 1: பட்டம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கலாம். பேராதனை, களனியிலும் உண்டு. வரலாறு, புவியியல் பட்டமும் உதவும். இரசாயனம் படித்தவர்களும் தயங்க வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் நீரில் ஊறிய மரத்தை அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். இரும்பில் ஏறிய உப்பை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு வேலை, அகழ்வு முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆள் பற்றாத பக்கமும் இதுதான் என்பது என் எண்ணம்.

படி 2: சுழியோட்டம்

நிலாவெளி, உப்புவெளியில் பயிற்சி தருகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், மாரியில் வேண்டாம். பீனிசம், இழுப்பு, காதுக் கோளாறு இருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். அடுத்த நிலை 30 மீட்டர். அம்பலாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் கிடக்கும் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான கப்பல் அதற்கும் கீழே. எனவே இந்தச் சான்றிதழ்கள் தொடக்கம் மட்டுமே.

படி 3: பார்க்கவும் பதியவும் பழகுங்கள்

இதில்தான் திருமலைப் பிள்ளைக்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது சுழியோட்டத் தோழர் மைக் வில்சனும் அங்கே சுழியோடி, கடலடியில் கட்டடச் சிதைவுகளைக் கண்டார்கள். கண்டது ஒன்று, ஆய்வது வேறு. எந்தக் கல் தள்ளப்பட்டு விழுந்தது, எது பாறைச் சரிவோடு வந்தது, நீரோட்டம் எதை எவ்வளவு நகர்த்தியது? ஒவ்வொரு கல்லும் கிடக்கும் இடத்தையும் சாய்வையும் அளந்தால்தான் இதற்கு விடை தேட முடியும். ஒரு கல்லைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தால் அந்தச் சாட்சி அழிந்துபோகும். நீரடிப் பண்பாட்டு மரபுரிமை பற்றிய 2001இன் யுனெஸ்கோ உடன்படிக்கையும், இருந்த இடத்திலேயே பாதுகாப்பதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது. தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் அகழ்வது சட்டப்படியும் குற்றம். ஆய்வென்றால் தொல்லியல் திணைக்களத்திடம் அனுமதி எடுங்கள்.

அளவுநாடா, பென்சில், பிளாஸ்டிக் தாள் வைத்து வரையும் பழக்கத்தைக் கரையிலேயே தொடங்கலாம். கடற்றொழிலாளரோடு பேசுங்கள். வலை எங்கே சிக்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கொடவாயக் கப்பலை முதலில் கண்டவர்களும் உள்ளூர் மீனவர்கள்தாம்.

படி 4: அனுபவம்

காலியில் மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவு இருக்கிறது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தரின் அவொன்ட்ஸ்டர் கப்பலில் வேலை செய்து வளர்ந்த பிரிவு அது. பட்டப்படிப்பின்போதே தொண்டராகச் சேர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

படி 5: விண்ணப்பம்

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன், அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ், அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அன்ட் எம் ஆகியவை இத்துறைக்குப் பெயர்பெற்றவை. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்கென்றே துறை உண்டு. செலவு பெரிய தடையென்றால் இங்கிலாந்துக்குக் கொமன்வெல்த், செவனிங், அமெரிக்காவுக்குப் புல்பிரைட் புலமைப்பரிசில்களைப் பாருங்கள். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும்.

நோக்கக் கடிதத்தில் ‘சிறு வயதிலிருந்தே கடல் பிடிக்கும்’ என்று எழுதுவதைவிட, மேலே சொன்ன கல் கேள்வி போல ஒன்றை எடுத்து, அதை எந்த முறையில் ஆராய்வீர்கள் என்று இரண்டு பந்தியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளர்களிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காமல், கம்பஸை விட்டு வருமுன்பே சொல்லி வையுங்கள்.