மங்கிப்போன எபாக்ஸி தரைக்குப் புதுக் கிளியர் கோட்: நாமளே போடுவது எப்படி?

கார் ஷெட்டிலோ பட்டறையிலோ சில வருஷம் முன்னால் சிமெண்ட் மேல் போட்ட எபாக்ஸி (பிசின் பூச்சு) தரை பளபளப்பு போய், டயர் நிற்கும் இடம் கருப்பேறி, நடக்கும் வழி மட்டும் வெளுத்துக் கிடக்குதுங்களா? சிமெண்ட் வெளியே தெரியாதவரை பேர்த்து எடுக்க வேண்டியதில்லைங்க. மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத கண்ணாடி மாதிரி பூச்சு, போட்டால் போதும். ஆனால் அது பெரிதாக எதையும் மறைக்காது. கீழே இருக்கும் கறை, ஆழமான கீறல், முடி எல்லாம் அப்படியே தெரியும். அதனால் இதில் முக்கால்வாசி வேலை கழுவுவதும் தேய்ப்பதும்தான். ரோலர் பிடிப்பது கடைசியில் வரும் சின்ன வேலை.

முதலில் தரை தாங்குமா என்று பாருங்க

ஒரு ரூபாய்க் காசால் தரையை அங்கங்கே தட்டிப் பாருங்க. பொத்தென்று சத்தம் வந்தால் அங்கே எபாக்ஸி சிமெண்டை விட்டு எழும்பிவிட்டது. ஓரமான ஒரு இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்க. செதில் செதிலாக வந்தால் கிளியர் கோட் வீண் செலவு, ஆளைக் கூப்பிட்டு முழுசாகச் சுரண்டித்தான் ஆகணும். அடுத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்க. எடுக்கும்போது உள்ளே வேர்த்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த ஈரம் அடங்காமல் மேலே எது போட்டாலும் கொப்புளிக்கும்.

சாமான் வாங்குவது

கிளியரில் எபாக்ஸியும் உண்டு, பியூ என்கிற பாலியூரித்தேனும் உண்டு. வெயில் படும் போர்ட்டிகோ என்றால் யோசிக்காமல் பியூ, அதிலும் வெயிலில் மஞ்சளாகாத அலிஃபாட்டிக் வகை. எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும். கடையில் "பியூ கிளியர்" என்று மட்டும் கேட்டால் கதவுக்கு அடிக்கும் மரப் பாலிஷை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தரைக்கானது, ஹார்டனரோடு (கலந்தால் இறுகவைக்கும் திரவம்) வரும் இரண்டு டப்பா சாமான் என்று சொல்லிக் கேளுங்க.

அளவுக்கு ஒரு கணக்கு. டப்பாவில் திடப்பொருள் (காய்ந்தபின் தரையில் தங்குவது) கொள்ளளவில் 50 சதவீதம் என்று போட்டிருந்து, காய்ந்தபின் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனம் வேண்டுமென்றால், ஈரத்தில் 100 மைக்ரான் போடணும். அப்போது 1 லிட்டர் 10 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 107 சதுர அடிக்கு வரும். பத்துக்கு இருபது ஷெட்டுக்கு ஒரு கோட்டுக்கு 2 லிட்டர், ரோலர் குடிப்பதற்குக் கொஞ்சம் கூட.

கழுவுவது

எண்ணெய் எடுக்கும் கிளீனர் ஊற்றி, விறைப்பான பிரஷ்ஷால் தேயுங்க. டயர் நின்ற இடத்துக்கு இரண்டு தரம். டயர் பாலிஷில் சிலிக்கான் இருக்கும். அது மிச்சமிருந்தால் கிளியர் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகி மீன் கண் மாதிரி குழி விழும். கழுவியபின் தண்ணீர் தெளித்துப் பாருங்க. முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. சீராகப் பரவினால் சரி.

நம்ம கோவை, திருப்பூர் பக்கம் போர் தண்ணி பெரும்பாலும் உப்பு. கடைசி அலசலை அதில் செய்தால் காய்ந்தபின் வெள்ளைப் பூ பூக்கும், அந்த உப்பின் மேல் கோட் போட்டால் பின்னாடி கொப்புளம் வரும். சிறுவாணியோ அத்திக்கடவோ, குழாயில் வரும் நல்ல தண்ணியில் கடைசியாக ஒரு தரம் அலசுங்க.

தேய்ப்பது

ராண்டம் ஆர்பிட்டல் சாண்டரை (வட்டக் கீறல் விழாமல் தேய்க்கும் மெஷின்) வாடகைக்கு எடுத்து, 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாள் போடுங்க. கிரைண்டரில் டிஸ்க் மாட்டி இறங்காதீங்க, வட்டக் கீறல் கிளியருக்கு அடியில் வெயில் பட்டதும் எடுத்துக் காட்டும். பளபளப்பு ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல் தரை முழுக்க ஒரே வெளிறலாக வரணும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் மினுங்கும் திட்டுகள் தெரியும். சுவரோரமும் மூலையும் கையால்தான்.

சந்தேகமிருந்தால் ஈரத் துணியால் ஒரு இடத்தைத் துடையுங்க. தண்ணீர் பட்டதும் மறையும் கீறல் கிளியரிலும் மறையும். ஈரத்திலும் தெரியும் கீறல் கடைசிவரை தெரியும்.

பிறகு வேக்குவம், அப்புறம் அந்த சாமானுக்குச் சொன்ன தின்னரில் நனைத்த துணி. திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் புதுத் துணி வேண்டாம். மெதுமெதுப்புக்குப் போடும் சாஃப்ட்னரில் சிலிக்கான் இருக்கலாம். பலமுறை துவைத்த பழைய வெள்ளைப் பனியன் நல்லது.

நாளும் நேரமும்

ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும், புழுதி பறக்காதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் திறந்த ஷெட்டில் இந்த வேலையே வேண்டாம். மார்கழி, தை விடியக்காலையில் தரை வேர்த்திருக்கும். தரைச் சூடு பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்கும் சூடு) விட 3 டிகிரியாவது கூட இருக்கணும். எனக்குப் பிடித்தது மாசி மாதம், வெயில் சாயும் 4 மணி. லைட் போடும் நேரத்துக்குள் முடித்துவிடுங்க, இல்லாவிட்டால் பூச்சியெல்லாம் தரையில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கலந்து போடுவது

பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற மூச்சுக்கு ஆகாத ரசாயனம் இருக்கும். கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் உதவாது, ஆர்கானிக் வேப்பருக்கான (தின்னர் மாதிரி ஆவியைத் தடுக்கும்) கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி வேணும். ஆஸ்துமா இருப்பவர்கள் கிட்டவே வரக்கூடாது. ஆவி தீப்பிடிக்கும், அதனால் விளக்கு, பீடி, இன்வெர்ட்டர், வண்டி எதுவும் அங்கே கூடாது.

டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடையா, கொள்ளளவா என்று பார்த்து அளங்க. கண்மதிப்பு ஆகாது, ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் காயும் என்பது தப்பு. மெதுவாக மூணு நிமிஷம் கலக்கி, வேறு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்க. கலந்தபின் எத்தனை நேரம் தாங்கும் என்று போட்டிருப்பது பொதுவாக 25 டிகிரிக்கு. 35 டிகிரியில் கிட்டத்தட்ட பாதிதான். ஆகவே பாதி பாதியாகக் கலக்குங்க.

புது ரோலரில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி உரித்தால் உதிரும் முடியெல்லாம் அதோடு வந்துவிடும். தண்ணியில் மட்டும் நனைக்காதீங்க, பியூ தண்ணீர் பட்டால் வாயு கிளம்பிக் குமிழ் விடும். ஓரத்தைப் பிரஷ்ஷால் இழுத்துவிட்டு, உள்சுவரிலிருந்து வாசல் நோக்கி நாலடிப் பட்டையாக உருட்டி வாங்க. முந்தைய பட்டை ஈரமாக இருக்கும்போதே அடுத்தது அதன்மேல் ஏறணும். உலர ஆரம்பித்த இடத்தைத் திருப்பித் தொடாதீங்க. மழைச் சாரல் அடிக்கும் ஷெட்டானால் இரண்டாவது கோட்டில் வழுக்காத பவுடர் கலந்துகொள்ளுங்க. இரண்டு கோட்டுக்கும் இடைவெளி டப்பாவில் சொன்னபடி. அந்தக் கெடு தாண்டினால் மறுபடி லேசாகத் தேய்க்கணும்.

நடக்க ஒருநாள், கார் ஏற்ற ஒரு வாரம். சூடான டயர் அதற்கு முன் ஏறினால் பூச்சைப் பிடித்துக்கொண்டு வரும். மிச்சக் கலவையை மூடி வைக்காதீங்க, சூடேறும். வெளியே திறந்து வைத்து இறுகியபின் போடுங்க. ஹார்டனர் டப்பாவை மட்டும் இறுக்கி மூடணும். ஈரக்காற்று புகுந்தால் டப்பா உப்பிவிடும்.