விதை விழுவதற்கு முன்பே நேரும் தவறுகள்

வீட்டுக் காய்கறித் தோட்டம் காய்க்காமல் போனால் நாம் பூச்சியையும் வெயிலையும் நொந்துகொள்கிறோம். என் அனுபவத்தில், கோளாறு பெரும்பாலும் முதல் விதையை ஊன்றுவதற்குச் சில வாரங்கள் முன்பு அவசரத்தில் செய்த வேலையில்தான் இருக்கிறது. செடி வளர்ந்த பிறகு நீரையும் உரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். இடத்தையும் மண்ணையும் அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு, ஒருநாள் காலையில் மட்டும் வெயிலைப் பார்த்துவிட்டுப் பாத்தி போடுவதாகும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்றவை நன்றாகக் காய்ப்பதற்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைகள் 3 அல்லது 4 மணி நேரத்திலும் சமாளித்துக்கொள்ளும். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் சாய்வதால், இன்று வெளிச்சமாக இருக்கும் மூலையில் இரண்டு மாதம் கழித்துச் சுவரின் நிழல் விழக்கூடும். நான் ஒருமுறை பாகற்கொடிக்குப் பந்தல் போட்டு, அது படர்ந்த பின்னரே பக்கத்திலிருந்த மிளகாய்ச் செடிகள் முழு நிழலில் நிற்பதைக் கண்டேன். உயரமாக வளர்பவை எந்தப் பக்கம் நிழல் தரும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

மழை ஓய்ந்த மறுநாளே மண்வெட்டியை எடுப்பது அடுத்த தவறு. களிமண்ணை ஈரத்தோடு கொத்தினாலும் மிதித்தாலும், மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிடைவெளி நசுங்கி, காய்ந்ததும் வேர் துளைக்க முடியாத கட்டிகளாக இறுகிவிடும். அந்தக் கட்டிகள் உடைந்து மண் பழையபடி பொலபொலப்பாவதற்கு ஒரு பருவம் முழுதும்கூட ஆகலாம். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பிடித்து, அந்த உருண்டையை விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், ஒட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்.

உரத்தைப் பொறுத்தவரை, "இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்ற நம்பிக்கையே பல தவறுகளுக்கு வேர். மட்காத பச்சைச் சாணத்தையும் கோழி எச்சத்தையும் நேரடியாகப் பாத்தியில் கலந்தால், அவற்றிலிருந்து வெளிப்படும் அம்மோனியா இளவேர்களைக் கருக்கும். செரிக்காத களை விதைகளும் நோய்க்கிருமிகளும் கூடவே வந்து சேரும். பச்சையாக உண்ணும் காய்களுக்கும் கீரைகளுக்கும் இது உடல்நலம் சார்ந்த ஆபத்தும்கூட. நன்றாக மட்கிய தொழு உரம் கருமையாகவும், பொடிப்பொடியாகவும், மண்வாசத்தோடும் இருக்கும்; சாண வாடை வீசினால் அது இன்னும் தயாராகவில்லை. மரத்தூளையும் காய்ந்த சருகையும் மண்ணுக்குள் புதைப்பதும் கவனமாகச் செய்ய வேண்டியது. அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால், செடிகள் வெளிறிப்போகும். அதே சருகை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஈரமும் காக்கப்படும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. மேய்ச்சல் நிலங்களில் தெளிக்கப்படும் சில களைக்கொல்லிகள், குறிப்பாக அமினோபைரலிட், மாட்டின் வயிற்றைக் கடந்து, எருக்குவியலிலும் அழியாமல் நின்று, தக்காளியையும் பீன்ஸையும் இலை சுருண்டு முடங்கச் செய்யும். வெளியிலிருந்து வாங்கும் எருவைச் சிறிதளவு மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் நான்கைந்து பீன்ஸ் விதைகளை ஊன்றி, இரண்டு மூன்று வாரம் இலைகள் நேராக விரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பாத்திக்குக் கொண்டுபோவது நல்லது. சாம்பலைக் கண்டபடி கொட்டுவதும் வேண்டாம். அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பெரும்பாலான காய்கறிகள் விரும்பும் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரைதான்.

சென்ற ஆண்டின் மீதி விதையை நம்பிப் பாத்தி முழுதும் தூவுவதற்கு முன், பத்து விதைகளை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை. ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் புதிய விதை வாங்குவதே மேல். வெங்காய விதை ஓராண்டிலேயே வீரியம் இழக்கத் தொடங்கும்; தக்காளி விதை உலர்வாக வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். ஆழமாக ஊன்றுவதும் முளைப்பைக் கெடுக்கும். விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

எந்தப் பயிரை எங்கே வைப்பது என்பதில், பெயரைப் பார்க்கிறோமே ஒழியக் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. தக்காளிக்குப் பின் கத்தரி வைத்தவர் பயிரை மாற்றிவிட்டதாக நினைக்கிறார். ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம் என்பதால், வாடல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து நீடித்ததாகவே ஆகும். முடிந்தால் மூன்று ஆண்டுகள் அந்த இடத்தில் வேறு குடும்பத்தைப் பயிரிட வேண்டும். சிறிய தோட்டத்தில் அது கடினமென்றால், நோய் கண்ட பயிர் வகையை மட்டுமாவது அடுத்த முறை புதிய மண் நிரப்பிய தொட்டியில் வளர்க்கலாம்.

முள்ளங்கி, கீரை போன்ற குறுகிய காலப் பயிர்களை ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் திகட்டும் அளவுக்குக் கிடைத்து, பிறகு ஒன்றுமிராது. பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைக்க வேண்டும். முள்ளங்கியையும் கேரட்டையும் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடக்கூடாது, கிழங்கு கிளைத்துக் கோணலாகும். நிழலில் வளர்ந்த மற்ற நாற்றுகளை ஏழெட்டு நாட்களாவது சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, தக்காளியானால் செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் விட்டு, வெயில் தணிந்த மாலையில் நட்டு, உடனே நீர் ஊற்ற வேண்டும்.